தொட்டுப் பார்க்கச் சொல்வோம்

சாகுபுரத்திலிருந்து ஹெச்ஐவி மாத்திரைக்காகத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. திருநங்கைத் தோழர்களும் உண்டு. ஆசனவாய்ப் புற்றுநோயில் சுமார் 90 சதவீதம் ஹெச்பிவி வைரஸால் வருவது. ஹெச்ஐவி இருந்தால் ஆபத்து பல மடங்கு. புற்றாகும் முன்பே திசு மாற்றத்தைக் கண்டு அகற்றினால், 35 வயது தாண்டிய ஹெச்ஐவி உள்ளவர்களிடம் இந்தப் புற்றுநோய் 57 சதவீதம் குறைகிறது என்று 2022இல் அமெரிக்காவின் ஆங்கர் ஆய்வு காட்டியது.

பஞ்சுக்குச்சியால் செல் எடுப்பது சில நிமிட வேலை. அதன்பின் உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். அது நம் பக்கம் அரிது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கட்டி இருக்கிறதா என்று கையுறை விரலால் தடவிப் பார்க்க எந்தக் கருவி வேண்டும்? பார்க்காமலே 'மூலம்' என்று களிம்பு எழுதும் அந்தத் தயக்கத்தை நமக்குத் தெரியாதா என்ன! தலைமுறையாகப் பார்த்ததுதான்.

அடுத்த முறை தோழர்களோடு நாமும் போவோம். பரிசோதனை வேண்டும் என்று எழுதியே கொடுப்போம்.