யார் எடுத்த பால், யார் பெயரில்?



போன மாதம் ஓர் அம்மா நம் இதழ் அலுவலகத்துக்கு வந்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கம் வீடு. மகள் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். அம்மாவின் கையில் ஒரு பழைய கணக்கு நோட்டு. அவருடைய மாமனார் தோட்டத்தில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த சிறுகதைகளை வெட்டி அதில் ஒட்டி வைத்திருக்கிறார்.

“பிள்ளை இதுல ஒரு கதையைப் பத்தித்தான் கட்டுரை எழுதுறா. எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எத்தனாவது பக்கம்னு லெக்சரர் கேக்குறாராம். இதுல ஒண்ணுமே இல்லைங்களே” என்றார்.

நோட்டைப் புரட்டினேன். கதைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் பத்திரமாக இருந்தன. பத்திரிகையின் பெயரும் தேதியும் அச்சாகும் மேல் ஓரத்தை மட்டும் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது. ஒரு தாளில் பசை விட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு தீபாவளி வாழ்த்து விளம்பரத்தின் பாதி. அக்டோபரோ நவம்பரோ என்று ஊகிக்கலாம். ஆண்டு?

‘தேதி தெரியவில்லை, குடும்பத்தின் நறுக்குச் சேகரிப்பு’ என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன். பழைய நாளிதழ்கள் உள்ள நூலகத்தில் தேடிப் பார்க்கவும் சொன்னேன். அவர் போன பிறகும் அந்த நோட்டு என் மனத்தை விட்டுப் போகவில்லை.

செமெஸ்டர் முடியும் நேரத்தில் நம் வீடுகளில் கேட்கும் வசனம்தானே இது: “கட்டுரை முடிஞ்சிருச்சும்மா, ரெஃபரன்ஸ்தான் பாக்கி.” மணி இரவு பன்னிரண்டு. எங்கே கமா, எங்கே புள்ளி, எதைச் சாய்வெழுத்தில் போடுவது என்று பிள்ளை கணினி முன்னால் தவித்துக்கொண்டிருக்கும். கமாவுக்கா இத்தனை பாடு என்று நமக்கும் தோன்றும்.

கமாவை விடுங்கள். விஷயம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

என் அம்மா சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு நிரை என்ற மரவரிசை. மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தால் அங்கே நிறுவை. தோட்டத்துக் கணக்கரான கிராணி எடை பார்த்து, பெயருக்கு நேராக எழுதுவார். அம்மாவின் கண் தராசில் இருக்காது, கிராணியின் பென்சிலில்தான் இருக்கும். தன் பால் அடுத்தவர் பெயரில் ஏறிவிட்டால் அன்றைய உழைப்பே போச்சு! அடுத்தவர் பால் தன் பெயரில் ஏறினாலும் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். “அது அவ எடுத்த பால்” என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

மேற்கோள் காட்டுவதும் இவ்வளவுதான். ஒரு கருத்து யார் எடுத்த பாலோ, அவர் பெயருக்கு நேராக எழுதுவது.

இதை ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த சடங்கு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியர் தம் நூலெங்கும் ‘புலவர் இப்படிச் சொல்வார்கள்’ என்ற பொருளில் முன்னோரைச் சுட்டிக்கொண்டே போகிறார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களைத் தம் முகவுரைகளில் மறக்காமல் குறிப்பிட்டார். நன்றி மறவாமை நமக்குப் பழகிய பாடம். பல்கலைக்கழகம் அதற்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது.

அந்த வடிவம் கேட்பது நான்கே கேள்விகள்தான். யார் எழுதியது? எப்போது? என்ன தலைப்பு? எங்கே வெளிவந்தது? ஏ.பி.ஏ. (APA) என்ற மேற்கோள் முறையில் பெயரை அடுத்து ஆண்டு வரும், எம்.எல்.ஏ. (MLA) என்ற முறையில் புத்தகத்துக்கு ஆண்டு கடைசியில் வரும். கட்டுரைக்குள் மேற்கோள் காட்டும்போது ஏ.பி.ஏ. பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் கேட்கும், எம்.எல்.ஏ.வுக்குப் பெயரும் பக்கமும் போதும். ஏ.பி.ஏ.யின் 7ஆம் பதிப்பு 2019இலும், எம்.எல்.ஏ.யின் 9ஆம் பதிப்பு 2021இலும் வந்தன. அண்ணன் வைத்திருந்த பழைய வழிகாட்டியைத் தம்பி அப்படியே பின்பற்றினால் மதிப்பெண் குறையலாம். எந்த முறை, எந்தப் பதிப்பு என்று முதல் வாரத்திலேயே லெக்சரரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

இனி, நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல்களுக்கு வருவோம்.

முதலாவது, பெயர். இந்த முறைகள் குடும்பப் பெயர் உள்ளவர்களை மனத்தில் வைத்து உருவானவை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எழுத்தாளர் பெயர் ரெ. கார்த்திகேசு என்றால் ‘கார்த்திகேசு, ரெ.’ என்று எளிதாக மாறிவிடும். ஆனால் அடையாள அட்டையில் உள்ளபடி தன் பெயர், ‘அனாக் பெரம்புவான்’ (மகள்), அப்பா பெயர் என்று முழுதாகப் போட்டு எழுதிய ஒருவரை, மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் இணையக் கருவியில் கொடுத்துப் பாருங்கள். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று அது எடுத்துக்கொள்ளும். கதை எழுதியவர் மகள். பட்டியலில் முன்னால் நிற்பவர் அப்பா! இதைத் திருத்த வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்தான். நம் பெயர் எப்படி அமைகிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

புனைபெயரும் அப்படித்தான். ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதிய அகிலனின் இயற்பெயர் அகிலாண்டம். ஆனாலும் புத்தக அட்டையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பட்டியலுக்குப் போக வேண்டும்.

அடுத்தது, பதிப்பு. தாத்தா வீட்டில் உள்ள பிரதியும் நூலகப் பிரதியும் வேறு வேறு பதிப்பாக இருந்தால் பக்க எண் பொருந்தாது. கையில் இருப்பது எந்தப் பதிப்போ அதன் ஆண்டைத்தான் குறிக்க வேண்டும்.

பாட்டியிடம் கேட்ட தாலாட்டு, தோட்டத்துக் கதை? அதற்கும் வழி உண்டு. ஏ.பி.ஏ.யில் இது நேரடி உரையாடல் என்ற கணக்கில் வரும். பெயரும் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்கும், கடைசிப் பட்டியலில் வராது. எம்.எல்.ஏ.யில் நேர்காணலாகப் பட்டியலிலும் இடம்பெறும். பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் பெயர் ஒரு பல்கலைக்கழகக் கட்டுரையில் ஆதாரமாக நிற்பது சின்ன விஷயமா?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவிடம் ‘ரெஃபரன்ஸ் கொடு’ என்று கேட்டால், இல்லாத புத்தகத்துக்கும் ஆண்டும் பதிப்பகமும் போட்டுக் கொடுத்துவிடக்கூடும். நம் மலேசிய இலக்கியத்தைப் பற்றி இணையத்தில் இருப்பதே குறைவு, அதனால் ஆபத்தும் அதிகம். கையில் எடுத்துப் புரட்டாத புத்தகத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன்? நம் எழுத்தாளர்களில் பலர் கைக்காசு போட்டுக் கொஞ்சம் பிரதிகள் அச்சடித்து, கூட்டங்களுக்கெல்லாம் போய் விற்றவர்கள். எத்தனையோ கதைகள் நாளிதழோடு சரி, புத்தகமாகவே வரவில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழும் 2019இல் நின்றுவிட்டது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் நமக்கே தடுமாறுகிறது. அந்த வாழ்க்கை மிஞ்சியிருப்பது எழுத்தில்தான். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை சரியாக எழுதும் ஒரு வரிக் குறிப்பு, இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் அந்தக் கதையைத் தேடிக் கண்டெடுக்க வழி காட்டும். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திய நாடு இது. நம் எழுத்தை நாமே ஒழுங்காகக் குறித்து வைக்காவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகத்தைப் படம் எடுக்கும் பிள்ளையிடம், வேண்டிய பக்கத்தோடு பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டி பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்தால், தொடக்கத்திலேயே தேதி, ஊர், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பத்திரிகையை நறுக்கினால் மேல் ஓரத்தையும் சேர்த்து நறுக்குங்கள்.

அந்த அம்மா நேற்று போன் செய்தார். ஆண்டு இன்னும் கிடைக்கவில்லையாம். ஆனால் கட்டுரையில் எழுத்தாளர் பெயரோடு, நறுக்கைச் சேர்த்து வைத்தவர் என்று தாத்தாவின் பெயரையும் மகள் எழுதிவிட்டாளாம். சொல்லும்போதே அவர் குரல் கம்மியது.

இந்தப் பக்கத்தையும் யாராவது வெட்டி வைப்பதாக இருந்தால், ஓரத்தில் இதழின் பெயரும் மாதமும் பக்க எண்ணும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே வெட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்