எங்க பூட்டனுக்குக் கிரீடம் வேண்டாங்க!

மல்லேஸ்வரம் வீட்டுல பெரியப்பா வம்சாவளிப் படத்தை விரிச்சார். எங்க பூட்டன் 'ஜமீன் வாரிசு'ன்னு போட்டிருந்தது. ஆதாரம்? மூச்! 1876-78 பஞ்சத்துல பசியோட நடந்து வந்தவர்னுதான் பாட்டி சொல்வாங்க. படத்துல ஒரு பெண் பேர்கூட இல்லை.

1860ல ட்ரூரோ கப்பல்ல தொடங்கி 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போன கூலிகளோட பதிவேட்டைப் பாருங்க. பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஊரு, பெண்களுக்கும் இருக்கு. வெள்ளைக்காரன் பாசத்துல எழுதலை, ஆள் கணக்குக்காக எழுதினான். அதுகூட நாம செய்யலையே!

பசியை எழுத என்ன வெட்கம்? பூட்டன்கூட நடந்து வந்த பூட்டி பேரை நான் கேட்கலை. இப்போ பாட்டி இல்லை. உங்க வீட்டுல இருந்தா, எழும்பூர் ஆவணக் காப்பகமெல்லாம் அப்புறம். இன்னிக்கே போன் போடுங்க.