கூலி கொடுப்பவரையே எடைபோடும் தொழில்

திட்ட மதிப்பீடு என்று ஒரு தொழில் இருக்கிறது. அரசாங்கமோ, தொண்டு நிறுவனமோ, பெரிய கம்பெனியோ ஒரு திட்டத்தில் பணம் போடுகிறது. அந்தப் பணத்தால் யாருக்காவது பயன் விளைந்ததா என்று வெளியாள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எண்ணி, அறிக்கை எழுதித் தர வேண்டும். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய அதே மாதத்தில், அதை மதிப்பிடுவதற்கென்றே திட்டக் கமிஷனில் தனி அமைப்பு ஒன்று ஏற்படுத்தினார்கள்.

அன்று அது சர்க்கார் வேலை. இன்று தனி ஆட்கள் சொந்தமாகச் செய்கிறார்கள். 2021-ல் வந்த ஒரு விதி இதற்கு வழி திறந்தது. முந்தைய 3 நிதியாண்டுகளின் சராசரிக் கணக்கில் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத தங்கள் திட்டங்களை, அவை முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, சுயேச்சையான ஓர் அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது அந்த விதி.

என் தங்கை மகள் பத்து வருடத் தொண்டு நிறுவன வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்குகிறாள். "பலகையில் 'சுயேச்சையான மதிப்பீட்டாளர்' என்று போடலாமா மாமா?" என்று கேட்டாள். தாராளமாகப் போடலாம். அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுப்பதுதான் கஷ்டம். யாருடைய வேலையை எடைபோடுகிறோமோ, அவரே நமக்குக் கூலி கொடுக்கிறார். தொழிலின் சிக்கல் முழுவதும் இங்கேதான்.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் முசியே 'திக்தே' வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். மதிப்பெண் 20-க்கு. ஒவ்வொரு பிழைக்கும் கழிப்பார். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டார். எங்களிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை, அதனால் அப்படி இருக்க முடிந்தது. தனியாகத் தொழில் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது கண்ட ஒன்றைச் சொல்கிறேன். விதவைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்த திட்டம் பற்றி ஓர் ஆலோசகரின் அறிக்கை கோப்பில் வந்தது. வரைவுப் பிரதியில், எத்தனை இயந்திரம் ஓடுகிறது, எத்தனை பரண் மேல் கிடக்கிறது, எத்தனை அடகுக்குப் போனது என்று ஒரு பக்கம் முழுக்க விவரம் இருந்தது. இறுதிப் பிரதியில் அந்தப் பக்கம் இல்லை. பில் உடனே பாஸாயிற்று. மறு வருடமும் அவருக்கே வேலை. இயந்திரம் ஏன் பரணுக்குப் போனது என்று யாரும் கேட்காமலே அடுத்த தவணை இயந்திரங்களையும் வாங்கினார்கள்.

அந்த ஆலோசகர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு பில்லை நம்பி அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொழிலில் நேர்மையைக் குணமாக மட்டும் வைத்திருந்தால் போதாது. பணத்திலும் காகிதத்திலும் அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில், ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடக் கூடாது. அடுத்தது, வருட வரும்படியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரும்படி வைத்துக்கொள்ளக் கூடாது. மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து நாள் கட்டணம் சொல்வதும் தவறு. வேலை தேடி அலையும் நாளுக்கும், காய்ச்சலில் படுத்த நாளுக்கும் யாரும் பணம் தரமாட்டார்கள். நமக்கிருந்த பென்ஷனும் ஈட்டிய விடுப்பும் அவர்களுக்கு இல்லை. குறைந்த கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டவருக்குத்தான் அடுத்த பில்லைப் பற்றிய பயம் அதிகம்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்க வேண்டும். வரைவில் தகவல் பிழை இருந்தால் 15 நாளுக்குள் ஆதாரத்தோடு சுட்டலாம். முடிவுகளை மாற்றச் சொல்ல முடியாது. கடைசித் தவணைப் பணம் அறிக்கை ஒப்படைத்ததற்கு, "திருப்தி" அடைந்ததற்கு அல்ல. அறிக்கையைச் சுருக்கி வெளியிட்டால், மதிப்பீட்டாளர் அதைப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

'உத்யம்' பதிவையும் மறக்கக் கூடாது. பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

"இவ்வளவு கறாராக இருந்தால் யார் கூப்பிடுவார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வார்த்தையில் பணிவு இருக்கட்டும். கெட்ட செய்தியை அறிக்கையில் முதன்முதலாகக் காட்டாமல், நேரில் முன்னதாகச் சொல்லலாம். எதைச் செய்தால் சரியாகும் என்றும் சேர்த்து எழுதலாம். எண்ணை மட்டும் மாற்றக் கூடாது. எல்லாத் திட்டத்தையும் புகழ்கிறவரின் அறிக்கையைப் பணம் போடுகிறவர்கள் சில வருடங்களில் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அவர் எழுதுவதற்கு விலை ஏது?

ஓய்வுபெற்ற நம்மிலும் சிலர் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள். கோப்பு தெரியும், கிராமம் தெரியும், கணக்கு தெரியும், நல்லதுதான். ஆனால் தாம் வேலை பார்த்த துறையின் திட்டத்தை மதிப்பிட அவர்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. நேற்றுவரை பக்கத்து மேசையில் டீ குடித்தவரின் திட்டத்தை 20-க்கு 6 என்று போட நமக்குக் கை வராது. வந்தாலும் ஊர் நம்பாது. வேறு துறைக்குப் போய் எண்ணிவிட்டு வருவோம். நம் துறையை எண்ண வேறு யாராவது வரட்டும்.