முதியோர் ஞாபகமும் நமது கடமையும்

சரித்திரம் வேண்டுமென்று கேட்டால் நம்மவர் புத்தக அலமாரியைக் காட்டுகிறார்கள். திண்ணையில் சாய்ந்திருக்கும் கிழவரையும், அடுப்பங்கரையில் அமர்ந்திருக்கும் பாட்டியையும் காட்டுவோர் மிகச் சிலர். எழுதப்பட்டதே உண்மை, சொல்லப்பட்டது கதை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இது பிழையான எண்ணம் என்பதும், இப்பிழையைத் திருத்திக்கொள்ள நமக்கு மிஞ்சியிருக்கும் காலம் சொற்பம் என்பதும் நமது அபிப்பிராயம்.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் பல; ஆதலால் இவ்வூர் தன் பெயருக்கு முன் ‘வ.’ என்ற எழுத்தைத் தரித்துக்கொண்டு மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே இன்று எண்பது பிராயமுள்ள மூதாட்டி ஒருவர் இருப்பாரென்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சிறுவயதில் சோறூட்டிய பாட்டியார் 1880ஐ ஒட்டிப் பிறந்தவராக இருத்தல் கூடும். அந்தப் பாட்டியாரின் தாயாரோ தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணாற் கண்டிருப்பார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு நீண்ட இடைவெளியை இணைக்க இரண்டு பேர் காதுகொடுத்துக் கேட்டதே போதுமானதாயிற்று! மூன்றாவது காது நம்முடையது. அது செவிடானால் சங்கிலி அறுந்தது; பிறகு அதைப் பொருத்தவல்ல கொல்லன் எந்த உலகிலும் இல்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தைப் பற்றிச் சர்க்கார் தஸ்தாவேஜுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. 1877இல் ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று விதித்ததை அவற்றிற் காணலாம். அது உயிர்தாங்கப் போதாதென்று டாக்டர் கார்னிஷ் ஆட்சேபித்ததையும் காணலாம். ஆனால் அந்த இராத்தல் தானியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது யார் முதலில் உண்டார், யார் உண்ணாமல் உண்டதாகச் சொன்னார், எந்தக் குழந்தையை எவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள் என்பவற்றை எந்த தஸ்தாவேஜு சொல்லும்? தாய் மகளுக்குச் சொன்னாலன்றி அவை உலகத்தில் இல்லாதவையே.

கிழவர்கள் பேச்சில் காலக் கணக்கு நிற்காது என்பர் சிலர். உண்மைதான். பிறந்த மாதமும் நட்சத்திரமும் அவர்களுக்குத் தெரியும், வருஷம் தெரியாது. அறுபது வருஷச் சுழற்சியில் 1876இல் வந்த தாது 1936இலும் 1996இலும் திரும்ப வந்ததால், எந்தத் தாது என்று நாம்தான் விசாரித்துத் தெளிய வேண்டும். ஆயின் ஏடுகள் மட்டும் குற்றமற்றவையோ? ஜனக்கணக்கில் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதினர் அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருப்பது, கணக்கெடுத்தவரும் உத்தேசமாகவே எழுதினார் என்பதற்கு அத்தாட்சியல்லவா? மேலும், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அவ்வாண்டில் புதிய இராமநாதபுரம் ஜில்லாவிற் சேர்ந்தது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1905இல் அங்கே பிறந்து எண்பது ஆண்டுக்கு மேல் ஜீவித்த ஒருவர், வீட்டு வாசலை விட்டு நகராமலே மூன்று ஜில்லாக்களில் வசித்தவராகிறார்! ஏடு எங்கே கிடக்கும் என்பதற்கும் அவர் வாய்மொழியே வழிகாட்டி.

தேசிய இயக்கத்தை எண்ணிப் பார்க்கையில் இக்கடமை இன்னும் அவசரமாகிறது. இராஜபாளையத்துத் தலைவர் பி. எஸ். குமாரசாமி ராஜா 1949இல் சென்னை மாகாணப் பிரதமரானதையும், தமது இல்லத்தைக் காந்தி கலைமன்றத்துக்கு ஈந்ததையும் நாடறியும். சிறை சென்ற தொண்டர்களின் பெயர்கள் சிறைப் புத்தகங்களில் இருக்கின்றன. அத்தொண்டருக்கு இருட்டில் கதவு திறந்து கஞ்சி வார்த்த தாய்மாரின் பெயர் எங்கே இருக்கிறது? 1972இல் மத்திய சர்க்கார் தியாகிகளுக்கு உபகாரச் சம்பளம் வழங்க முன்வந்தபோது, பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்கு அத்தாட்சி கோரிற்று. சிறை ஏடு கிடைக்காவிடில் உடனிருந்த கைதியின் சாட்சியத்தை ஏற்கவும் இசைந்தது. ஏடு தவறிய இடத்தில் மனிதனின் ஞாபகமே பிரமாணம் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது என்பதன்றோ இதன் பொருள்? ஆனால் சாட்சி சொல்லத் தோழன் உயிரோடிராத தொண்டன் என்ன ஆனான்? 1942இல் பதினைந்து வயதுச் சிறுவனாய்க் கொடி பிடித்தவருக்கே இன்று நூறு நெருங்கிவிட்டது. இனி நாம் தேட வேண்டியவர்கள், அவர்கள் சொல்லக் கேட்டவர்கள்.

முதியோர் சொல்லைப் போற்றுவோம் என்பதால், அக்காலமே பொற்காலம் என்று நாம் சாதிக்கவில்லை. ஊர்த் திண்ணையில் கேட்டால் பழங்காலம் பாலும் தேனுமாக இருக்கும். அதே ஊரின் சேரியில் கேட்டால் கிணற்றண்டை நிற்கவும் உரிமையற்ற காலமாக இருக்கும். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாக்ஷியம்மன் ஆலயத்தில் ஹரிஜனங்களும் நாடார்களும் பிரவேசித்ததையும், அதற்கு முன்னின்ற வைத்தியநாதையரையும் சரித்திரம் கூறும். அதன்பின் ஒவ்வொரு சிற்றூரிலும் கோயிற்படியை முதன்முதல் மிதித்தவரின் கால் எப்படி நடுங்கிற்று என்பதை அவர் பேரப்பிள்ளைகளே கூறவேண்டும். ஒரு தெருவில் மாத்திரம் கேட்டு எழுதுவது சரித்திரமாகாது. அது அத்தெருவின் தற்புகழ்ச்சியே.

அந்நிய நாட்டார் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1936 முதல் 1938க்குள், முன்னாள் அடிமைகளாயிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியை எழுதிவைத்தனர். அவர்களிற் பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். பத்தாண்டு தாமதித்திருந்தால் அக்குரல்களில் ஒன்றிரண்டாவது அகப்பட்டிருக்குமா? நம் நாட்டில் மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து பிராயம். தம் பாட்டனார் காலத்து ஊர்களையும் பழக்கங்களையும் அவர் அதில் நமக்கு மீட்டுத் தந்தார். எனினும் 1942இல் அவர் மறைந்ததால் அந்நூல் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அவ்வளவு பெரியாருக்கே காலன் தவணை தரவில்லை.

ஆகையால் நாம் வேண்டிக்கொள்வது இதுவே. நமது தேசபக்த வாலிபர்கள் பொதுக்கூட்டங்களுக்குச் செலவிடும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஒரு முதியவருக்குத் தரட்டும். ஒலிபதியும் கைப்பேசி இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது, இல்லாதது பொறுமையே. வருஷத்தைக் கேளாதீர்கள், எந்த மழை, எந்த வெள்ளம், யார் கல்யாணம் என்று கேளுங்கள். தந்தை வழியை நம் பெயரின் முன்னெழுத்தே காட்டிவிடும். தாயின் தாய் யார், எந்த ஊர் என்று கேளுங்கள். இருவர் கூற்று மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். வெளியிட வேண்டாமென்று அவர் சொன்னதை வெளியிடாதீர்கள். எழுதியதில் ஒரு பிரதியை வீட்டிலும், இன்னொன்றை ஊர் நூலகத்திலும் வையுங்கள்.

செத்தவர்களுக்குச் சிலை எழுப்புவதிலும் நினைவு நாள் கொண்டாடுவதிலும் நம்மவர் யாருக்கும் பின்வாங்கியவரல்லர். உயிரோடிருப்பவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்குத்தான் நமக்கு நேரமில்லை! நாளை கேட்போம் என்று நாம் ஒத்திவைக்கும் பாட்டியார், நாளை வரை இருப்பதாக யாருக்கும் வாக்களிக்கவில்லை.