கோட்டையைக் கொடுத்து வென்றவர்

சதுரங்கம் ஆடலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே விட்டு, வியாபாரிக்கு உதவும் ஒரு பாடத்தை மட்டும் பார்ப்போம்.

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சீ கிராமத்தில், சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனைச் சந்தித்தார். அரோனியனின் குதிரை கோட்டையை வெட்ட ஆனந்த் இடம் கொடுத்தார். அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டவும் அவர் அவசரப்படவில்லை. ஒரு காலாளை நகர்த்தினார். அப்போது அவருடைய இரண்டு மந்திரிகளும் ஒரு குதிரையும் எதிரி ராஜாவைக் குறிவைத்து நின்றன. 23ஆவது நகர்த்தலோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். கொடுத்தால் என்ன வரும் என்று எண்ணியே ஆனந்த் கொடுத்தார்.

எங்கள் கடைகளில் நடப்பதென்ன? பெருநாளுக்கு இறக்கிய துணி தேங்கினால், வாங்கிய விலைக்குக் கீழே விற்க மனம் வருவதில்லை, முதல் முடங்குகிறது. பக்கத்துக் கடை விலையைக் குறைத்தாலோ, கணக்குப் பாராமல் நாமும் குறைக்கிறோம். முன்னது பயம், பின்னது ரோஷம்.

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களிடம் புலிகள் பறித்தது தியாகமல்ல, இழப்பு. தியாகம் என்பது நாமே எண்ணிக் கொடுப்பது. திரும்பி வந்து சிறு முதலோடு கடை திறந்தவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது. தேங்கிய சரக்கை விட்டுவிடுங்கள். வரும் காசை ஓடும் சரக்கில் போடுங்கள். மொத்த வியாபாரிக்குச் சொன்ன தவணையை மட்டும் தவறவிடாதீர்கள். அந்த நாணயமே எங்கள் ராஜா.