கடல் கடந்தவர் ஓட்டு

பிள்ளையைச் சீமைக்கோ, சிங்கப்பூருக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ அனுப்பாத வீடு நம் தெருக்களில் இன்று அபூர்வம். மாதம் தவறாமல் பணம் வருகிறது; பண்டிகை நாளில் தொலைபேசியில் நமஸ்காரமும் வந்து சேருகிறது. தேர்தல் வந்தால் மட்டும் அந்தப் பிள்ளையின் ஓட்டு எங்கே என்று எவரும் விசாரிப்பதில்லை. "அவன்தான் ஊரிலேயே இல்லையே, அவனுக்கு ஏது ஓட்டு?" என்று பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள். இது பிசகு.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் 2011 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, அன்னிய நாட்டுக் குடியுரிமை பெறாமல், உத்தியோகத்தின் பொருட்டோ படிப்பின் பொருட்டோ வெளிநாட்டில் வசிக்கும் வயது வந்த இந்தியப் பிரஜை எவரும், பாஸ்போர்ட்டில் கண்ட விலாசம் எந்தத் தொகுதியைச் சேர்ந்ததோ அந்தத் தொகுதியின் பட்டியலில் பெயரைப் பதிந்து கொள்ளலாம். 6ஏ என்ற படிவத்தைத் தேர்தல் கமிஷனின் இணையதளத்திலேயே பூர்த்தி செய்யலாம். பாஸ்போர்ட்டின் பிரதியும் விசாவின் பிரதியும் புகைப்படமும் இருந்தால் போதும்.

இவ்வளவு சுலபமா என்று நேயர்கள் வியக்க வேண்டாம். பெயரைப் பதிவதுதான் சுலபம். ஓட்டளிக்க நேரில் வந்தாக வேண்டும், அசல் பாஸ்போர்ட்டும் கையுமாக! படைவீரர்களுக்கும் தூதரக உத்தியோகஸ்தர்களுக்கும் தபால் ஓட்டு உண்டு. துபாயில் கட்டட வேலை செய்யும் கொத்தனாருக்கு இல்லை. அவர் விமானச் சத்தத்துக்குக் கொடுக்கும் தொகையில் வீட்டில் ஒரு கல்யாணச் செலவின் பாதி கழிந்துவிடும்.

விளைவு என்ன? 2024 பாராளுமன்றத் தேர்தலில் பதிந்திருந்த வெளிநாட்டு வாக்காளர் 1,19,374 பேர். வந்து ஓட்டளித்தவர் 2,958 பேர். நம் வகுப்பில் இப்படி ஹாஜர் இருந்தால் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார். பதிந்தவர்களில் 89,839 பேர் கேரளத்தார் என்பது கவனிக்கத் தக்கது. நம்மைப் போலவே அவர்களும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள்தாம். அங்கே நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்கவில்லை?

பதில் ஆள் மூலம் ஓட்டளிக்க வகை செய்யும் மசோதா 2018-ல் லோக் சபையில் நிறைவேறியது. ராஜ்ய சபையைத் தாண்டாமல் 2019-ல் காலாவதியாயிற்று. அதற்காக நாம் அதிகம் வருந்தவில்லை. மகனுடைய ஓட்டைத் தகப்பனார் போட்டால் அது தகப்பனாருடைய இரண்டாவது ஓட்டுத்தான். ரகசிய வாக்கு என்பதற்கு அர்த்தமே இராது. மின்னணு முறையில் தபால் ஓட்டு அளிக்கலாம் என்று 2020-ல் கமிஷன் சொன்ன யோசனை மேலானது. 2024 தேர்தலிலும் அது நடைமுறைக்கு வரவில்லை. பட்டியலில் ஒரு லட்சம் பேர் இருக்கும்போது சர்க்கார் மெத்தனமாக இருக்கலாம். இருபது லட்சம் பேர் இருந்தால் முடியுமா?

காந்தியடிகளின் பொதுவாழ்வே கடல் கடந்த நாட்டில் ஓட்டைப் பற்றித்தான் தொடங்கிற்று. 1894-ல் நேட்டாலில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க மசோதா வந்தபோது, தாய்நாடு திரும்ப இருந்தவர் பிரயாணத்தை நிறுத்திவிட்டுச் சுமார் பத்தாயிரம் கையெழுத்துக்களுடன் மனுச் செய்தார். பறிக்கப்பட்ட உரிமைக்கு அன்று அத்தனை பாடு. யாரும் பறிக்காத உரிமையை நாம் விண்ணப்பம் எழுதச் சோம்பி இழக்கிறோம்.

இந்த வாரம் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ செய்தி அனுப்பும்போது இதையும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் 2024 வரை நடந்த பொதுத் தேர்தல்கள் எல்லாம் ஏப்ரல், மே மாதங்களிலேயே வந்திருக்கின்றன. ஊருக்கு வரும் லீவை அதற்கேற்ப வைத்துக் கொள்ளலாம். வீடு மாறியவர்கள் பாஸ்போர்ட்டில் எந்த விலாசம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக் கொள்ளட்டும். ஊரோடு திரும்பிவிட்டவர்கள் சாதாரண வாக்காளராக மறுபடியும் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குப் படிவம் 6.