சாணம் அள்ளும் லோடர் பனியும் அள்ளுமா?

கேள்வி: மாட்டுக்கொட்டகையில் சாணம் அள்ளும் சின்ன லோடரையே குளிர் நாடுகளில் பனி அள்ளவும் ஓட்டுகிறார்களாமே, வண்டி கவிழாதா?

பதில்: ஓட்டுகிறார்கள். இந்த வண்டி பிறந்ததே பனி கொட்டும் சீமையில்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வான்கோழிக் கொட்டகையில் எரு அள்ளுவதற்காக 1957-ல் கெல்லர் சகோதரர்கள் தங்கள் பட்டறையில் செய்த மூன்று சக்கர லோடர்தான் இதற்கு மூலம்.

அங்குள்ள பால் பண்ணைகளில் ராத்திரி பனி கொட்டினால், விடிவதற்குள் பாதையைத் திறந்தாக வேண்டும். பால் லாரி வராமல் தொட்டி நிறைந்துவிட்டால், கறந்த பாலைக் கீழே கொட்டுவதைத் தவிர வழியில்லை. அந்த அவசரத்தில்தான் வண்டி கவிழ்கிறது.

புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி; ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 100 கிலோவுக்குள்தான் இருக்கும். அதுவே நனைந்து இறுகினால் 300 கிலோவைத் தாண்டும். பக்கெட் அதேதான், பாரம் மூன்று மடங்கு! எவ்வளவு எடையில் வண்டி முன்னால் சாயுமோ, அதில் பாதியைத்தான் சக்கர லோடரில் தூக்கலாம் என்பது கணக்கு. ஈரப் பனி என்றால் பக்கெட்டை நிரப்பக் கூடாது.

பக்கெட்டைத் தாழ்வாக வைத்தே ஓட்ட வேண்டும். சரிவில் கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். காலி பக்கெட்டோடு மேடு ஏறினால் ரிவர்ஸில், பாரத்தோடு ஏறினால் நேராக. சீட் பெல்ட் கட்டாயம். பக்கெட் மேலே இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

பனியே பார்க்காத ஊருக்கும் இது பொருந்தும். காய்ந்த எருவின் எடை வேறு, ஈரச் சாணத்தின் எடை வேறு.